பச்சைத் தண்ணி

பிரிஞ்சாங்குக்குப் போகும் மலைப்பாதையில், திரிங்காப் என்ற சிற்றூரில் நிற்கிறேன். தேயிலை மேட்டிலிருந்து பனி இறங்கி, காய்கறி லோரிகளை மூடுகிறது. கனடாவிலிருந்து மகள் போனில் பேசுகிறாள். அங்கே இரவு, கடும் உறைபனி. குளிர்காலம் முடியும்வரை காரைக் கொட்டகையில் பூட்டி வைக்கிறாளாம். சாயங்காலமே, நான் சொன்னபடி ரேடியேட்டரில் பச்சைத் தண்ணி ஊற்றிவிட்டாளாம்.

தேத்தண்ணீர்க் கடை பாயிடம் மார்தட்டுகிறேன். "மூணாவது படிப்போட நின்னவன் பாய் நான். லோரி லோரியா வாங்கி ஓட்டினேன். என் பேச்சை எஞ்சினே கேக்கும்."

"என்ன ஊத்தச் சொன்னீங்கண்ணே?"

"பச்சைத் தண்ணி. டப்பாவுல பச்சைக் கலர்ல விப்பானே, உறையாது."

பாய் சிரிக்கவில்லை. "பச்சைத் தண்ணின்னா பைப்புத் தண்ணி லா அண்ணே!"

போனை வாயருகே இழுக்கிறேன். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளந்துவிடும்.

"அம்மாடி, என்ன கலரு ஊத்தினே?"

"தண்ணிக்கு ஏதுப்பா கலரு?"

"ஓடு! மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பாரு!"

கொட்டகைக் கதவு கிறீச்சிடுகிறது. பாய் என் தோளோடு ஒட்டிப் போனுக்குக் காது கொடுக்கிறார்.

"மேல ஐஸ் கட்டிருக்குப்பா. குத்தினா உடையுது. கீழ தண்ணி ஆடுது."

"எங்கேயாவது ஒழுகுதா?"

"இல்லப்பா."

"அப்போ அடியில இருக்கிற திருகைத் திற. சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது."

அவள் காருக்கு அடியில் நுழையும் சத்தம் கேட்கிறது. பிறகு தகர வாளியில் தண்ணீர் சடசடவென்று கொட்டுகிறது.

"ஊத்தட்டும்ணே," என்கிறார் பாய். "நல்லா ஊத்தட்டும்."