ஆறு வாயிலும் மெழுகு

சத்தியமாக நடந்தது இது. எமில்டா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் குழம்பில் உப்பு கூடினால் எனக்குத்தான் முதலில் தெரியும். மீதியை அவளே சொன்னாள். சொல்லவைத்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கீழவைப்பாரில் அவள் புருஷன் மரியானுக்குப் பூட்டன் சொத்தாக வந்தது ஒரு சுழல் துப்பாக்கி. முத்துக்குளிப்புக் காவல் படகில் இருந்ததாம். நீளக் குழல், அதன் பின்முனையில் ரிவால்வர் போல ஆறு குழியுள்ள உருளை. செய்தவன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு குழியின் பொறி அடுத்ததில் தாவினால் ஆறும் சேர்ந்து வெடிக்கும். குழலைத் தாங்கும் இடது கை அவ்வளவுதான். அதனால் மருந்தும் குண்டும் போட்டபின் குழிவாயை மெழுகால் அடைக்க வேண்டும்.

புதுப் படகு இறக்கினால் அதில் ஒரு வேட்டு போடுவது அந்த வீட்டு வழக்கம். போன வருஷம் மரியான் முறை.

“ஏளா, ஒரு மெழுகுதிரி தா.”

“அது மாதாவுக்கு வச்சது. துப்பாக்கிக்கு ஒண்ணும் கிடையாது.”

சிரித்துக்கொண்டே போனான். படகில் நின்று சுட்டான். ஆறும் வெடித்தது. ஆள் பிழைக்கவில்லை.

குழல் பழசு என்றார்கள் எல்லோரும். மெழுகுதிரி விஷயத்தை எமில்டா யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இந்த வருஷம் கொழுந்தன் சிலுவையின் படகு. “தூத்துக்குடி பட்டறையில குழல மாத்திட்டேன் மதினி, பயப்படாதீய.” ஆறு குழியிலும் மருந்தும் குண்டும் போட்டு, எமில்டா வீட்டு மேசையில் வைத்துவிட்டு மாலை வாங்கப் போனான். மெழுகு அடைக்கவில்லை; அந்த விவரம் அவனுக்குத் தெரியாது.

சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், போன வருஷம் மெழுகு ஏன் இல்லை என்பான், அண்ணனைக் கொன்றது நீதான் என்பானே... அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

மதியம் மூன்று மணி.

டக்...

உருளை சுற்றும் சத்தம்.

டக்... டக்...

“ஏலே சிலுவை, நீயா?”

 பாசி வாடை.

எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. தரையெல்லாம் ஈரம். மரியான் படத்தின் முன் அவள் இன்னும் ஏற்றாத மெழுகுதிரி... பாதிதான் இருந்தது.

ஆறு குழியிலும் வெள்ளை மெழுகு.

சாயங்காலம் சிலுவை சுட்டான். ஒன்றே ஒன்றுதான் வெடித்தது.

“ஆரு மதினி மெழுகு அடைச்சது?”

அவள் குனிந்து பார்த்தாள். மிச்சம் ஐந்து வாயிலும் பெருவிரல் ரேகை. குறுக்கே சிப்பி வெட்டிய தழும்பு. மரியானின் இடது பெருவிரல்.

“கேட்டப்பவே குடுத்திருக்கலாம்லா...” என்று அந்த ரேகைமேல் தன் விரலை வைத்தாள்.

போன வருஷம் கடலில் விழுந்த அந்த இடது கை கிடைக்கவே இல்லை. அது இல்லாமல்தான் மரியானை அடக்கம் செய்தோம்.