சுவருக்கு அந்தாண்டை ஒரு ஆமீன்

சபையாரே, எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். பேசுவதற்கு ஆளே இல்லாமல் கிடந்த காலத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கர்த்தர் தைரியம் தந்தால் அழாமல் சொல்லி முடிப்பேன்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். ஆம்பூரில் குடியிருந்தோம், இப்போதும் அதே வீடுதான். என் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. எங்கள் மகள் கிருபாவுக்கு அப்போது மூன்று வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரே இடத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். காது மந்தம் என்றார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள். அதையும் தடவினேன். துப்பினாளே தவிர ஒரு சொல் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா கிருபாவோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்.

"காது நல்லா கேக்குதும்மா. மூளை வளர்ச்சிதான் குறைவு. இதுக்கு மருந்து கிடையாது. மத்த பிள்ளைங்க மாதிரி ஆக மாட்டா. ஆனா வளருவா."

நான் 'மருந்து கிடையாது' என்பதோடு நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் நெஞ்சில் தைத்தது என்று எனக்கு அப்போது தெரியாது. காட்பாடியிலிருந்து ரயிலில் வரும்போது அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கிருபாவின் ஜடையைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாக வந்தேன். 

பெரியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்த நாட்களில் நம் சபையார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் உபவாசம் இருக்கச் சொன்னார். ஒருவர் எங்கள் முன்னோர் செய்த பாவத்தைத் தேடச் சொன்னார். ஒரு அம்மாள் எனக்கு விசுவாசம் கம்மி என்றார், ஏதோ படியில் போட்டு அளந்து பார்த்தவர் மாதிரி. எல்லாரும் கிருபாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அடுத்த ஞாயிறு வந்து, "பேசறாளா?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார்கள். அவள் பேசவில்லை என்றதும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பிரசங்க நேரத்தில் கிருபா கத்துவாள். எல்லாத் தலையும் திரும்பும். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு நாள் மரத்தடி வரைக்கும் போவானேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவர் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். கிருபாவைத் தொட மாட்டார். திட்டவும் மாட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் திருப்பத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவள் கெட்டவள் அல்ல, எங்கள் நன்மைக்குத்தான் சொன்னாள். "மெட்ராஸ்ல இப்படிப்பட்ட பிள்ளைங்களை வெச்சிப் பாத்துக்கற இடம் இருக்குதாம். விட்டுட்டு வந்துடுங்க. உங்களுக்கு வயசிருக்கு, இன்னொண்ணு பொறக்கும்" என்றாள். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஈஸ்டர் ஆனதும் கொண்டு போவதென்று முடிவாயிற்று. நான் அழுதேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து மத்தியான வேளையில் ஜெபிக்க ஆரம்பித்தேன். டேனரியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும். கிருபாவை மடியில் போட்டுக்கொண்டு பின்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவேன். சத்தம் போட்டுத்தான் ஜெபிப்பேன். கேட்பதற்கு யார் இருந்தார்கள்?

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ஒரு பெரிய வீட்டின் ஓரத்துத் துண்டு. பெரிய வீட்டில் ஒரு தோல் வியாபாரியின் குடும்பம் இருந்தது, முஸ்லிம்கள். அவர்கள் வீடுகளில் கோஷாப் பெண்கள் தெருவில் இறங்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்வர நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். கிட்கி என்பார்கள். வேற்று மனுஷராகிய எங்களுக்கு வாடகைக்கு விட்டபோது அதன்மேல் எங்கள் பக்கம் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். எனக்கு அந்த ஆணிகள் முறம் மாட்ட உதவின. அது ஒரு கதவு என்பதே மறந்துபோயிருந்தது.

முதலில் கிருபாவுக்குப் பேச்சு தாரும் என்றுதான் கேட்டேன். பிறகு அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகாதபடி செய்யும் என்று கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலமும் வந்துவிட்டது. ஒரு நாள் எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும். புத்தி சொல்லாத ஆள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரே ஒரு ஆள்" என்று கத்தினேன். எனக்கே ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

சுவருக்கு அந்தாண்டையிலிருந்து, "ஆமீன்" என்று ஒரு குரல் கேட்டது.

தேவதூதன் என்றே நினைத்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அப்புறம் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. தேவதூதனுக்கு அடுப்படி வேலை ஏது என்று தோன்றிய பிறகுதான் பலகையில் காதை வைத்து, "யாரு?" என்றேன்.

"நாந்தாம்மா, ஜைத்தூன். பெரிய வீட்டு மருமவ. கோச்சுக்காதே. யாராவது துஆ கேக்கறது காதுல உழுந்தா ஆமீன் சொல்லாம போவக் கூடாது, எங்கள்ல. இத்தினி நாளா வாய்க்குள்ளாறவே சொல்லிக்கினு இருந்தேன். இன்னிக்கு வெளிய வந்துடுச்சி."

"இத்தினி நாளாவா?"

"நீ ஆரம்பிச்சதுலேர்ந்து."

நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒருவரும் இல்லை, ஒருவரும் இல்லை என்று அழுத ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒருத்தி அந்தாண்டை நின்று ஆமீன் சொல்லியிருக்கிறாள். அவள் என்னை அழுது முடிக்க விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உம்பொண்ணு மாதிரியே எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. முன்னி. பன்னெண்டு வயசு. வாசப்படி தாண்டினதில்லை. எங்க சொந்தக்காரங்களுக்கே ஜாஸ்தி பேருக்குத் தெரியாது."

ஒரே சுவர். அவள் அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷமாகத் தனியாக இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மத்தியானம் தோறும் பலகை வழியாகப் பேசினோம். அவளை ஆப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்வது. ஈஸ்டருக்குப் பிறகு கிருபாவைக் கொண்டு போகப் போகிறார்கள் என்று சொன்னேன். மறுநாள் ஆப்பா, "வெள்ளிக்கெயம மத்தியானம் ஆம்பளைங்கல்லாம் தொழுகைக்குப் போய்டுவாங்க. ஆணியைப் புடுங்கிடு. நான் இந்தாண்ட தாப்பாளைத் தொறக்கறேன்" என்றாள்.

"உங்க மாமனார் பாத்தா?"

"துஆவுக்கு ஆமீன் சொல்லிட்டேன்ல? அல்லா தொறந்ததை ஆணியடிச்சி மூட முடியுமான்னு கேப்பேன்."

வெள்ளிக்கிழமை ஒரு இரும்புக் கம்பியை வைத்து நெம்பினேன். பலகை பெயர்ந்து என் காலில் விழுந்தது. கதவு திறந்தது. குரலை வைத்து ஆளைப் பெரியவளாக நினைத்திருந்தேன். ஆப்பா என் தோளுக்குக்கூட எட்டவில்லை. முன்னியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள், தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஜெபத்தில் கேட்டது அதுதான்.

தொழுகைக்காக வெள்ளிக்கிழமை மத்தியானம் டேனரியும் நிற்கும். என் வீட்டுக்காரர் சாப்பிட வந்துவிட்டார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆப்பா கிட்கிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். முன்னிக்கு கோஷாவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அவருக்குச் சோறு போட்டதும் நேரே வந்து அவர் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

அவர் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தார். முன்னி எண்ணெய் தடவி இரட்டை ஜடை போட்டிருந்தாள். கை நிறைய கண்ணாடி வளையல். கன்னத்தில் நல்ல சதை. கிருபாவைப் போலவே முன்னும் பின்னும் ஆடினாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆப்பாவின் குரல் வந்தது. ஒரு அந்நிய ஆம்பளையிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னாள்.

"பயப்படாதீங்க, பாய். கடிக்க மாட்டா. ஒரு வாய் குடுங்க, சந்தோஷமா பூடுவா."

அவர் ஒரு வாய் கொடுத்தார். முன்னி மென்று விழுங்கிவிட்டு அவர் கையைத் தட்டிச் சிரித்தாள். இன்னொரு வாய் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது. முன்னி போன பிறகு கிருபாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வேலூரிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவளைத் தொட்டார்.

"வளருவான்னு டாக்டரம்மா சொன்னாங்களே, அதான் சலோமி எனக்கு பயம். வளந்தா எப்பிடி இருப்பான்னு நெனச்சாலே தூக்கம் போய்டும். இப்பதான் பாத்தேன், இப்பிடித்தான் இருப்பா. நல்லாத்தானே இருக்கு அந்தப் பொண்ணு?" என்றார். பிறகு, "பகலெல்லாம் இது ஃபர்ஸ்ட், இது ரிஜெக்ட்டுன்னு ஒதுக்கிப் போட்டுக்கினே இருக்கேன். வீட்டுக்கு வந்தும் அதையே பண்ணிக்கினு இருந்துட்டேன்" என்று சொல்லி அழுதார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அந்த அழுகைக்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன்.

ஈஸ்டருக்கு நாத்தனார் வந்தாள். அவர் முடியாது என்றார். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டா அவளை யாருடா பாப்பாங்க?" என்று கேட்டாள். "தெரியலக்கா. தெரியாததாலதான் தினம் ஜெபம் பண்றோம்" என்றார். அவளும் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

பின்பு முன்னியின் அப்பாவும் இவரும் பேச ஆரம்பித்தார்கள். ஒரே டேனரிக்குள் எதிரும் புதிருமாக நடந்தவர்கள்தான். மற்றவருக்கும் இப்படி ஒரு மகள் இருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது. ஒரு சாயங்காலம் திரை கட்டிய வண்டியில் முன்னியைப் பாலாற்று மணலுக்குக் கொண்டு போனோம். மணலில் கால் வைத்ததும் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விஷயம் கேள்விப்பட்டு குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவுக்காரப் புருஷனும் மனைவியும் தங்கள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேறு சிலரும் வந்தார்கள். நாங்கள் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. டீ கொடுத்து, பக்கத்தில் உட்காருவோம்.

பிரியமானவர்களே, அற்புதம் எங்கே என்று கேட்பீர்கள். கிருபாவுக்கு இப்போது பதினான்கு வயது. இன்னும் பேசவில்லை. தானே சாப்பிடுகிறாள், துணி மடிக்கிறாள், அப்பா வந்தால் செம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள், பாதியைக் கொட்டிவிட்டு. நான் கேட்டது ஒரு ஆள். கர்த்தர் அந்த ஆளை நான் கேட்பதற்கு முன்பே சுவருக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். உங்களில் யாராவது வீட்டில் இப்படி அடைந்து கிடந்தால், கூச்சப்படாமல் சத்தமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்பது யார் காதில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இன்றைக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருஷம் ஆப்பாவின் குடும்பம் வியாபாரத்துக்காக மெட்ராஸ் போய்விட்டது. பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. கிட்கிக்கு அந்தாண்டை யாரும் இல்லை. எனக்கு மறுபடியும் மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. அதை நான் தாங்கிக்கொள்வேன். கிருபாவால் முடியவில்லை. இத்தனை வருஷமும் நான் ஜெபித்து முடித்ததும் ஆப்பா ஆமீன் சொல்வாள், கிருபா கைதட்டி எழுந்து போவாள். இப்போதும் ஜெபம் முடிந்ததும் சுவரைப் பார்க்கிறாள். சத்தம் வரும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை, அவளுக்கு அடுத்தவர் சொல்ல வேண்டும்.

அதனால்தான் இன்று அவளை வேப்பமரத்தடியில் விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். முன் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் கத்தினாள், நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது நான் சின்னதாக ஒரு ஜெபம் செய்யப் போகிறேன். முடித்ததும் அவள் இங்கேயும் சுவரைத்தான் பார்ப்பாள். தயவுசெய்து அவளைக் காக்க வைக்காதீர்கள். எல்லாரும் சத்தமாகச் சொல்லுங்கள்.