ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நின்ற இடம்

இந்தப் பயணத்தை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போகிறவர்களுக்குப் பேருந்து, அறை, கட்டணம் எல்லாம் இதில் இருக்கிறது. இசைக் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களுக்கு வேறொன்றும் இருக்கிறது.

'ஏழாம் மைல்' குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: கிதார், நாதஸ்வரம், தவில், பேஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர். ஒரே பாட்டை ஒரு ஊரில் பதினெட்டு நிமிடம் வாசிப்பார்கள், அடுத்த ஊரில் நாற்பத்தைந்து. 'இரண்டாம் கியர்' என்ற அவர்களுடைய பாட்டு எந்த ஊரிலும் முந்தைய ஊரில் போன வழியில் போனதில்லை. அதனால் ரசிகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து, பொதுவான ஒரு கணக்கில் ஏற்றி, எந்த ஊர் 'இரண்டாம் கியர்' உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

இந்தப் புரட்டாசியில் ராஜபாளையத்தில் ஒரு கேட்பு நடந்தது. விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் குழு வாசித்த நான்கு கச்சேரிகளின் பதிவுகளைக் கேட்டு, சிறந்த 'இரண்டாம் கியர்' பதிவைத் தேர்ந்தெடுப்பது. தேர்வாகிறதைக் குழுவே தங்கள் நேரடிப் பதிவுத் தொகுப்பில் வெளியிடும், பதிவு செய்தவர் பெயரோடு. ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

சனிக்கிழமை காலை 8.10க்கு மதுரை மாட்டுத்தாவணியில் ஏறினேன். கட்டணம் 85 ரூபாய். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இந்த வழியில் போவதென்றால் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் முழுக்க அந்த ஊரில்தான் இறங்கும். அதுவரை நின்றேன். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஜன்னல் சீட். 11.05க்கு ராஜபாளையம்.

பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே ஒற்றை அறை 800 ரூபாய்க்குக் கிடைக்கும். தனியாக வரும் பெண்கள் ஆதார் நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். "கூட ஆரும் வரலையா?" என்ற கேள்விக்குப் பதிலும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் இல்லை என்றேன். "சாயங்காலம் வருவாகளா?" என்றார் லாட்ஜ்காரர். அப்போதே கோபம் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

கேட்பு நடந்தது யூசுப் பாயின் எலெக்ட்ரிக்கல் கடை மாடியில். இந்த ரசிகர் கூட்டத்தைக் கட்டி இழுத்து வைத்திருப்பவர் அவர்தான். வயர்ச் சுருள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு நல்ல ஸ்பீக்கர்களை வைத்து, எட்டு நாற்காலி போட்டிருந்தார். எட்டில் ஒரு பெண், நான். வந்தவர்களில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை செய்யும் முருகேசன். தையல் மிஷின் மிதிக்கிற கால் தாளத்தைத் தானாக எண்ணும் என்பார். மற்றவர் சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் மனோகர். எல்லோரும் அவரை சார் என்கிறார்கள்.

எங்கள் பதிவுகளில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி தொடங்குமுன் பதிவு செய்கிறவர் பதிவுக் கருவியில் தன் பெயர், ஊர், தான் நிற்கிற இடம் மூன்றையும் சொல்ல வேண்டும். இதை முகம் வைப்பது என்போம். நான் முகம் வைத்ததே இல்லை. என் குரலை முன்பின் தெரியாதவர்கள் காதில் போட்டுக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்காது. கருவியின் மேல் விரலால் மூன்று முறை தட்டுவேன், அவ்வளவுதான். கடந்த மாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்ததை அப்படியே பெயரில்லாத கணக்கிலிருந்து ஏற்றியிருந்தேன். முகம் இல்லாத பதிவு கேட்பில் சேராது என்று யூசுப் பாய் முன்பே அறிவித்துவிட்டார். எனக்கு வருத்தமில்லை. கேட்கத்தான் போனேன்.

மதியம் 2.30க்குத் தொடங்கியது. முகங்களை வெட்டி எடுத்துவிட்டு வெறும் எண் போட்டு ஒலிக்கவிடுவார் பாய். வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் முகம் கேட்கும். ஒன்று, சிவகாசி. கூட்டத்தின் விசில் தாங்கவில்லை. இரண்டு, ராஜபாளையம். பேஸ் சத்தம் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

மூன்றாவது தொடங்கிப் பத்து நொடியில் என் கழுத்துப் பின்புறம் சூடானது. நாதஸ்வரத்தின் ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் ஒரு சுவர் மெல்லத் திருப்பிச் சொன்னது. அது என் சுவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கச்சேரி நடந்த மண்டபத்துத் திறந்தவெளியில் அதன் ஓரமாகத்தான் மூன்று மணி நேரம் நின்றேன். விரும்பி நிற்கவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசைப் பக்கம் கருவியோடு போனபோது, "பொம்பளப் பிள்ள இங்க எதுக்கும்மா, தள்ளுமுள்ளா இருக்கும், அங்கிட்டு ஓரமா நில்லு" என்று மண்டபத்து ஆள் விரட்டினார். அந்த ஓரம்தான் அங்கேயே நல்ல இடம் என்பது வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

யாரோ என் பதிவுக்காகப் பேசிச் சேர்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இருபத்திரண்டாம் நிமிடம் வரும்வரை.

அந்த இடத்தில் நாதஸ்வரமும் கிதாரும் மாறி மாறிக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். என் பதிவில் அப்போது பக்கத்தில் நின்ற வன்னியம்பட்டி அக்கா ஒருத்தர் தோழியிடம் சொல்வார்: "ஏட்டி, இவிய எப்பத்தான் நிப்பாட்டுவாக? எனக்குக் காலு கடுக்கு. ஆனா நிப்பாட்டவுங் கூடாது." எனக்கு அந்தப் பாட்டிலேயே பிடித்த இடம் அது. மாடியில் கேட்டபோது அக்கா இல்லை. அவர் பேசிய நொடிகளோடு தவிலையும் சேர்த்து வெட்டியிருந்தது. தாளம் ஒரு படி தாண்டிக் குதித்தது.

"தவுலு செத்த சறுக்கிருச்சு" என்றார் முருகேசன், தொடையில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி. "பாவம், நாப்பது நிமிசம் வாசிச்சா யாருக்கும் தடுக்கத்தான் செய்யும்" என்றார் இன்னொருவர். அந்தத் தவில்காரர் சறுக்கவே இல்லை. எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றிருந்தேன்.

நான்காவதும் ஒலித்து முடிந்ததும் வாக்கெடுத்தார்கள். ஏழு வாக்கில் ஐந்து மூன்றாவதுக்கு. நான் யாருக்கும் போடவில்லை. யூசுப் பாய் முகத்தை ஒலிக்கவிட்டார். "ஸ்ரீவில்லிபுத்தூர். மிக்சர் மேசைக்கு அடுத்து. மனோகர்." எல்லோரும் கை தட்டினார்கள். மனோகர் எழுந்து கும்பிட்டார்.

"அது என் பதிவு" என்றேன். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

மனோகர் சிரித்தார். "அந்தப் பேரில்லாத ஃபைலைச் சொல்றீங்களா? அது என்னோட வெட்டாத ரா காப்பி மா. நாலஞ்சு பேருக்கு அனுப்பியிருந்தேன், யாரோ ஏத்திட்டாங்க."

"நான்தான் ஏத்துனேன். நான் எடுத்தத."

"எடுத்திருந்தா முகம் வச்சிருப்பீங்களே?"

என் கூச்சத்தை இவர் கத்திரிக்கோலாகப் பயன்படுத்திவிட்டார். யூசுப் பாய் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "ஏந்தங்கச்சி, ஒங்கிட்டயும் ஃபைல் இருக்கும், அவருட்டயும் இருக்கும். நான் எத வச்சு முடிவு சொல்லுவேன்?"

"நான் நின்ன இடத்த வச்சு" என்றேன். "நாளைக்குக் காலைல எல்லாரும் அங்க வாங்க."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு காலை 9.20க்கு ஏறினேன், அரை மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ 80 ரூபாய். முருகேசன் என்னோடு வந்தார். ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு அங்க விசேசம் ஒன்னுமில்லையேக்கா?"

"சும்மா நிக்கப் போறோம்."

"நிக்கவா? எம்பது ரூவா குடுத்துட்டு நிக்கப் போறியளா?"

"இடத்தப் பொறுத்து இருக்குண்ணே" என்றார் முருகேசன்.

மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற திறந்தவெளியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையைப் பார்த்து நின்றால் இடது ஓரத்தில்தான் மிக்சர் மேசை போடுவார்கள். மின் இணைப்பு அங்கேதான் இருக்கிறது. வலது ஓரம் என் சுவர். இரண்டுக்கும் நடுவில், பின்பக்கம் ஒரு சந்து. சந்தின் வாயில் ஒரு மாவு மில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையிலேயே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

யூசுப் பாய் மற்றவர்களோடு காரில் வந்தார். மனோகரும் வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. எல்லோருக்கும் என் ஹெட்போனைக் கொடுத்து 'மூன்றாவது' பதிவின் முதல் நிமிடத்தைக் கேட்கச் சொன்னேன். பாட்டுக்குப் பின்னால், மிக மெலிதாக, மில் ஓடுகிறது. இடது காதில்.

"இப்ப மேச கெடந்த எடத்துல நில்லுங்க பாய். மில்லு எந்தக் காதுல கேக்குது?"

நின்றார். கண்ணை மூடினார். "வலது."

"என் சுவரோரத்துக்கு வாங்க."

நடந்து வந்தார். நான் கேட்கவே இல்லை. "இடது" என்றார்.

மனோகர் உடனே சொன்னார், "சேனல் மாத்தி மாட்டியிருப்பேன். இடது வலதா விழுந்திருக்கும். சகஜம்."

நான் இரவு முழுக்க இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன். "மாத்தி மாட்டியிருந்தா மேடையும் மாறியிருக்கணும்ல சார்? கிதார் இடது பக்கம் நின்னு வாசிச்சாரு. பதிவுலயும் இடது பக்கந்தான் கேக்குது. மில்லு மட்டும் எப்படி மாறும்?"

முருகேசன் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். திருப்பித் தந்தார்.

மில்லுக்காரம்மா தலையில் மாவுத் தூசியோடு வெளியே வந்தார். "என்னய்யா எல்லாரும் சொவத்தப் பாத்து நிக்கிய?" என்றார். மாசி மாதக் கச்சேரியைப் பற்றிக் கேட்டேன். "அதா? மில்ல நிப்பாட்டுன்னு ஆளு வந்துச்சு. ஒரு மூட மல்லி கெடக்கு, அரைச்சுட்டுத்தாம் நிப்பாட்டுவேன், அதுவரைக்கும் அவியள மொள்ள அடிக்கச் சொல்லுன்னுட்டேன்."

"பொறவு?"

"பொறவென்ன, ரெண்டு பேரும் நிப்பாட்டல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் ஃபோனில் இருந்த வெட்டாத பதிவை, இருபத்திரண்டாம் நிமிடத்திலிருந்து முருகேசனுக்குப் போட்டேன். அக்கா பேசினார். தவில் ஒரு பிசிறு இல்லாமல் சுற்றி வந்து நின்றது. முருகேசன் முகம் கறுத்துவிட்டது. "ஏன் சார், மனுசன் ஒழுங்காத்தான வாசிச்சிருக்காரு. வெட்டிப்போட்டு அவரச் சறுக்குனவரா ஆக்கிட்டீயளே. நான் வேற நேத்து வாயி கூசாமச் சொன்னேன்."

மனோகர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, எடுத்தது நானில்ல. ஆனா இதைக் கேக்கிற மாதிரி ஆக்கினது யாரு? இரைச்சல் எடுத்திருக்கேன், அந்தப் பொம்பளை பேச்சை எடுத்திருக்கேன். மூணு நாள் வேலை. பாட்டு எல்லாருக்கும் பொதுன்னு பேசிட்டு இப்ப பேருக்குச் சண்டை போடுறாங்க."

பேருக்குச் சண்டை போடுகிறவளா நான்? முகமே வைக்காதவள். அதை அவர் வைத்தார், என் பதிவின் நெற்றியில்.

அதைவிட என்னை எரிய வைத்தது அடுத்தது. யூசுப் பாய் நல்லவர், அதில் சந்தேகமில்லை. என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, ரெண்டு பேரு பேரையும் போட்ருவோம். அவரு உழைப்பும் இருக்குல்லா. பெரிய மனசு பண்ணு."

மூன்று மணி நேரம் ஓரமாக நிற்கவைத்தவர்களும், திருடியவரும், கை தட்டியவர்களும் சின்ன மனதோடே இருந்துகொள்ளலாம். பெரிய மனது மட்டும் நான் கொண்டுவர வேண்டும். "முடியாது பாய்" என்றேன். "வெட்டாதது போகும். என் பேரு மட்டும் போகும். இல்லன்னா எதுவும் போகாது." என் குரல் மில்லையும் தாண்டிக் கேட்டது. மில்லுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"அவிய சொல்றதுதான் சரி பாய்" என்றார் முருகேசன். மற்ற நால்வர் தரையைப் பார்த்தார்கள். பாய், "முகம் இல்லாம நான் அனுப்ப முடியாதும்மா. விதி எல்லாருக்கும் ஒன்னுதான்" என்றார். அதில் நியாயம் இருந்தது. மனோகர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அன்று மாலை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'கலைக்குப் பெருந்தன்மை வேண்டும்' என்று எழுதினார். பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் எண்ணினேன்.

போகிறவர்களுக்கு: கச்சேரி நாளில் அந்த மண்டபத்துக்கு 5 மணிக்கே போய்விடுங்கள். யார் விரட்டினாலும் விரட்டாவிட்டாலும் வலது சுவரோரம், பின்னாலிருந்து மூன்றாவது தூண். மில் ஓடும், பயப்பட வேண்டாம், பாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. திரும்பும்போது பால்கோவா கால் கிலோ 100 ரூபாய். அன்று நான் வாங்கவில்லை. மதுரைக்குப் பேருந்து இருபது நிமிடத்துக்கு ஒன்று. யாராவது உங்கள் பதிவைச் சுத்தம் செய்து தருகிறேன் என்றால், யாரைச் சுத்தம் செய்யப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். என்னைப் போலப் பேச்சுக் கூச்சம் உள்ளவர்களாக இருந்தாலும் முகம் வையுங்கள். நீங்கள் காலியாக விடுகிற இடத்தில் இன்னொருவர் வந்து நின்றுகொள்வார்.

நானும் வைத்தேன். அன்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதே சுவரோரம், மூன்றாவது தூணுக்கு அருகில் போய் நின்று, கருவியை எடுத்து மூன்று முறை தட்டி, ஊரைச் சொன்னேன், நின்ற இடத்தைச் சொன்னேன், என் முழுப் பெயரைச் சொன்னேன். பின்னால் இடது பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டாத பதிவின் முன்னால் அதைப் பாய் சேர்த்துக்கொண்டார், வெளியாகும்போது முதலில் அதுதான் கேட்கும். பெயர் தெரிய வேண்டுமென்றால் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே எழுதுவதாக இல்லை.