நடுப்பங்கு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, துபாயில் சத்வா தெருக்களில் கூட்டம் கலைகிற நேரத்துக்குச் சின்னண்ணன் என் ரூமுக்கு வந்துவிடுவார். அல்கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து, தேய்த்த சட்டையும் கையில் பிரியாணிப் பொட்டலமுமாக வருவார். சாப்பிட்டதும் என் கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ம், பாடத்த ஆரம்பி" என்பார்.

அவராக ஏற்படுத்திய வழக்கம் அது. நான் அப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தேன். தபால்வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தொடங்கி என் படிப்புக்கு ஆன செலவெல்லாம் அவர் சம்பாத்தியம். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் படித்ததில்லை. அப்பா கைநாட்டு. பெரியண்ணன் மாடு மேய்த்தார். சின்னண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்று, கொத்தனாருக்குக் கல் சுமந்து, கடைசியில் துபாய்க்கு வந்து, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்ப்பெண்டர் ஆனார். "காசு குடுத்து வாங்குன சாமான் எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றுதான் முதல் வெள்ளிக்கிழமை கேட்டார். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்காகத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே பாதி விளங்கும். நான் எம்.ஏ. தேறியதற்கு அந்தப் பகல்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த மாதம் ஃபிராங்குகள் பாடம். ரோமானியப் பேரரசு சரிந்த பிறகு, இன்றைய பிரான்சும் ஜெர்மனியும் இருக்கிற மண்ணை ஆண்டவர்கள். அரபிக்காரர்கள் அவர்களைச் சொன்ன பெயர்தான் கைமாறிக் கைமாறி நம்மிடம் பரங்கி என்று வந்தது என்றேன்.

"பரங்கிக்காய்ல இருக்குற பரங்கியா?"

"அதேதாண்ணே."

"பாரு, சாம்பார்ல போட்டுத் தின்னுருக்கோம், ஆளு யாருன்னு தெரியாமலே."

ராஜாக்களின் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால், தாத்தா, அப்பா, மூத்தவன், இளையவன் என்று முறைவைத்தே சொன்னேன். ஆரம்பகால ராஜாக்கள் முடியை வெட்டவே மாட்டார்கள், யாரையாவது பதவியிலிருந்து இறக்க வேண்டுமென்றால் பிடித்து முடியை வெட்டிவிட்டால் போதும் என்றபோது, அவர் வழுக்கை விழ ஆரம்பித்த தலையைத் தடவிக்கொண்டார். "நமக்கு அந்தப் பயம் இல்ல. மேல சொல்லு."

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ராஜா செத்தால் நாடு மூத்தவனுக்கு மட்டும் போகாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாகம் உண்டு. பெரிய பேரரசன் ஒருவனுடைய பேரன்கள் மூன்று பேர் அப்படி அடித்துக்கொண்டார்கள். ரத்தம் சிந்திச் சலித்த பிறகு, நாட்டை அளந்து பிரிக்கப் பெரிய மனிதர்களை உட்காரவைத்தார்கள். நாட்டை முழுசாகப் பார்த்தவர் எங்களில் ஒருத்தரும் இல்லை, பார்க்காததை எப்படிச் சமமாகப் பிரிப்பது என்று அவர்கள் அவகாசம் கேட்டார்கள்.

சின்னண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "நம்ம கதையால்ல இருக்கு."

எங்கள் கதைதான். அப்பா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. ஊரில் பெரியண்ணன் ஆட்களைக் கூட்டி, கயிறு பிடித்து நிலத்தை மூன்றாக அளந்துவிட்டுப் போன் செய்திருந்தார். கிழக்குப் பங்கில் கிணறு. மேற்குப் பங்கு ரோட்டோரம். நடுப்பங்குக்குத் தண்ணீரும் கிடையாது, வழியும் கிடையாது. எங்கள் பக்கம் பாகம் பிரித்தால் கடைக்குட்டிதான் முதலில் எடுக்க வேண்டும். அவன் வாயால் சொன்னதை அப்புறம் யாரும் மாற்றக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் சொல்ல வேண்டும்.

விவசாயம் பார்க்கிறவர் பெரியண்ணன்தான், அதனால் கிணறு அவருக்கு என்பதில் யாருக்கும் மாற்று யோசனை இல்லை. மீதி இரண்டில் நான் எதைத் தொட வேண்டும் என்பதைச் சின்னண்ணனே முடிவு செய்துவிட்டிருந்தார். "ரோட்டோரத்த எடு. படிச்சவன், நாளைக்கு நாலு பேரு வந்து போற மாதிரி ஒரு வீடு கட்டணும்ல." இரண்டு பெண் குழந்தைகளை வைத்திருந்தவர் அவர். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"சரி, அங்க நடுவுல எவனுக்குக் கெடச்சுது?" என்று கேட்டார்.

"மூத்தவனுக்கு. பேரரசன்ங்கிற பட்டமும் அவனுக்குத்தான். வடக்குக் கடல்லேருந்து இத்தாலி வரைக்கும் நீளமா ஒரு பட்டை."

"என்ன ஆச்சு அவனுக்கு?"

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவன் இருந்தவரைக்கும் ஒருமாதிரி ஓடியது. அவன் போனதும் அந்தப் பட்டை அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கு மறுபடியும் மூன்றாக அறுபட்டது. அதில் ஒருவன் வாரிசில்லாமல் செத்தபோது, இந்தப் பக்கத்துச் சித்தப்பாவும் அந்தப் பக்கத்துச் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதியாக அவன் நாட்டை எடுத்துக்கொண்டார்கள்.

சின்னண்ணன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தார். பிறகு, "அது ராஜாக்க சமாச்சாரம். நம்ம கருவக்காட்டுக்கு எவன் படையெடுத்து வரப்போறான்?" என்று மறுபடி படுத்துவிட்டார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க சைட்டில் ஆட்களின் வருகையைக் குறிக்கும்போதும் அந்தப் பட்டை நிலம்தான் கண்ணில் நின்றது. சாரத்தின் மேல் வெயிலில் நிற்கிற ஒவ்வொரு ஷட்டரிங் கார்ப்பெண்டரும் அவராகவே தெரிந்தார். என்னைப் படிக்கவைக்காமல் இருந்திருந்தால் ரோட்டோரத்தில் அவர் வீடு எப்போதோ எழுந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலிங் கார்டைச் சுரண்டி, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தோம். ஊரில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், இருமல் சத்தம் கேட்டது.

"சொல்லு தம்பி, எது ஒனக்கு?" என்றார் பெரியண்ணன்.

"நடுப்பங்குண்ணே."

சின்னண்ணன் போனைப் பிடுங்கினார். "அண்ணே, அவன் சொன்னத எடுத்துக்காத. வெயில்ல மூள காஞ்சு போச்சு. ஏசி ஆபீஸ்ல இருந்தாலும் காஞ்சு போச்சு. ரோட்டோரம்தான் அவனுக்கு."

"என்னடா பேசுற நீ? கடைக்குட்டி சொல்லிட்டான், இத்தன பேரு கேட்டுட்டாங்க. இனிமே எப்படி மாத்துறது?"

"மாத்துண்ணே. என்ன இப்ப?"

"மாத்த முடியாதுடா."

அப்போது கார்டில் பணம் தீர்ந்து லைன் அறுந்தது. சின்னண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், இப்போது அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இதுக்காடா ஒன்ன படிக்க வச்சேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

அவர் விடுவிடுவென்று கீழே இறங்கிப் போனார். கோபத்தில் கேம்ப்புக்கே போய்விட்டார் என்றுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூலைக் கடையில் புதுக் கார்டு வாங்கிக்கொண்டு மேலே வந்து, அவரே நம்பரைப் போட்டார்.

"அண்ணே, எல்லாரும் இருக்காங்கள்ல? நல்லாக் கேட்டுக்கங்க. பத்திரத்துல எழுதணும். என் பங்குல தெக்கு வரப்ப ஒட்டி, டிராக்டர் போற அகலத்துக்கு நடுப்பங்குக்கு வழி. வாய் வார்த்தையா இல்ல, எழுத்துல."

"சரிடா, எழுதிருவோம்" என்றார் பெரியண்ணன். "கெணத்துத் தண்ணியும் மொறவச்சு விடுறேன்னு நானும் எழுதுறேன். அவன் கேட்டாத்தான் குடுக்கணுமா?"

"அவனுக்கு மட்டும்னு எழுதிராத. அவன் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும்னு எழுதச் சொல்லு."

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியேடா."

"ஆவும்ல" என்றார் சின்னண்ணன். "இப்பவே எழுது."