கோயிலுக்கு எதிராக நான் போட்ட ஓட்டு

டல்லாஸுக்கு வடக்கே எங்கள் ஊரின் நகர சபையில் நான் மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மகளின் பள்ளிக்கு எதிரே சாலையைக் கடக்க சிக்னல் வேண்டும் என்று கேட்க அந்தச் சபைக்குப் போனவள்தான் நான். ஐந்து கூட்டங்களுக்கு விடாமல் போன பிறகு சிக்னல் வந்தது. அடுத்த தேர்தலில் நானே நின்றேன்.

முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை, அலுவலகம் முடிந்ததும் தினமும் நாற்பது வீட்டுக் கதவையாவது தட்டிவிடுவேன். தமிழ் வீடுகளில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். "எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டே வரலக்கா, சிட்டிசன் ஆகி எப்ப ஓட்டு போடறது?" என்பார்கள். ஓட்டு இருந்தவர்களைத் திரட்டித் தந்தவர் எங்கள் ஊர்க் கோயிலின் கமிட்டித் தலைவர். ஓய்வுபெற்ற டாக்டர். அவர் இல்லாமல் நான் ஜெயித்திருக்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டில் அந்தக் கோயிலின் விண்ணப்பம் சபைக்கு வந்தது. பின்னால் இருந்த காலி நிலத்தில் கார் நிறுத்துமிடம் கட்டி, அங்கிருந்து குடியிருப்புத் தெருவுக்குள் ஒரு கேட் திறக்க அனுமதி கேட்டிருந்தார்கள். குறுகலான தெரு. விசேஷ நாட்களில் ஏற்கெனவே இருபுறமும் கார்கள் நிற்கும்.

ஊர்மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்தில் அந்தத் தெருவின் அமெரிக்கப் பாட்டி ஒருவர், கார்கள் அடைத்து நின்ற தெருவின் படங்களோடு வந்தார். ஒரு விசேஷ நாளில் கணவருக்கு மூச்சு முட்டியபோது, உள்ளே நுழைய முடியாமல் ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டதாம். "ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் பிழைத்துவிட்டார். கோயில் மேல் எனக்குக் கோபம் இல்லை" என்றார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

மறுநாள் டாக்டர் போன் செய்தார்.

"உன் ஓட்டு நமக்குத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா."

"அங்கிள், பின்பக்க கேட் மட்டும் வேண்டாம். முன்பக்கமே வழி வச்சு மறுபடி அப்ளை பண்ணுங்க. நானே வந்து சப்போர்ட் பண்றேன்."

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிடும். நம்ம பொண்ணு அங்க உக்காந்திருக்கும்போதே இப்படின்னா எப்படிம்மா?"



ஓட்டெடுப்பு அன்று மண்டபம் நிறையத் தெரிந்த முகங்கள். பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். விண்ணப்பம் மூன்றுக்கு நான்கு என்று தோற்றது. என் ஓட்டு மாறியிருந்தால் நிறைவேறியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கத்தவில்லை. என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். 

அந்தச் சனிக்கிழமை இந்தியக் கடையில், பத்து வருடமாகப் பிள்ளைகளை மாறிமாறிப் பள்ளிக்கு ஏற்றிச்சென்ற என் தோழி, என்னைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். காய் வாங்காமலே வீடு திரும்பினேன்.

"ஒரு தடவ அவங்க பக்கம் போட்டிருக்கலாம்ல?" என்றார் கணவர்.

"அந்தம்மா பேசினத நீங்க கேக்கல."



அடுத்த தேர்தலில் தோற்றேன். முன்பக்க வழியோடு கோயில் மறுபடி விண்ணப்பித்தபோது, சொன்னபடியே போய் ஆதரித்துப் பேசினேன். ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வந்ததும் டாக்டர் என் பக்கமாக வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். 

இந்த வருடத் தேர்தலுக்கு மறுபடி வேட்புமனு கொடுத்திருக்கிறேன். தோழியின் வீடும் ஓட்டுக் கேட்கப் போகவேண்டிய என் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கதவை இன்னும் தட்டவில்லை.