பூட்டக்கா போட்ட கெர்னல்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் பூட்டக்கா. கம்ப்யூட்டர் அறைக்கு ஒரு பூட்டு, அறைக்குள் இருக்கும் அலமாரிக்கு ஒரு பூட்டு, அலமாரிக்குள் இருக்கும் டப்பாவுக்கும் ஒரு பூட்டு. பூட்டியபின் நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தடவையும் இழுப்பாள். வீட்டிலும் அதே கதைதான். புருஷன் போனில் சிரித்துப் பேசினால், "யாரு?" சிரிக்காமல் பேசினால், "யாருன்னு கேட்டேனே, காதுல விழல?" அந்த மனுஷன் இருபது வருஷத்தில் பழகிப்போய், "ஆபீஸ்ல இருந்து" என்று வீட்டுக்கே அறிவித்துவிட்டுத்தான் போனைக் காதில் வைப்பார்.

வேலையில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ரிசல்ட் மாறிப்போனதில்லை, ஒரு ஃபைல் காணாமல் போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஆறு மாசத்துக்கு முன்னால் நாத்தனாரை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். சேர்த்துவிட்டாள் என்பதைவிட, புருஷனின் நச்சரிப்புத் தாங்காமல், நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள் என்பதே சரி. கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின் நாத்தனார் பள்ளிக்கூடம் போகிற மகளோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள். முன் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் விவரத்தைப் பதிவு செய்வது அவள் வேலை. ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஆறு மாசம் இந்த வாரத்தோடு முடிகிறது. வேலை நிலைத்தால் அவள் தன் காலில் நிற்பாள். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும். இது அவளுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்து ஒரு வில்லங்கம் முளைத்தது. ஒரு நோயாளியின் ரிசல்ட், அவர் வீடு போய்ச் சேருமுன்னே அவருடைய தெரு முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. மறுநாள் வந்து குதி குதியென்று குதித்துவிட்டுப் போனார். டாக்டரம்மா யாரையும் கைகாட்டவில்லை. பூட்டக்காவோ அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். முன் மேசையில் இருப்பவள் யார்? நாத்தனார். போகிற வருகிறவர்களோடெல்லாம் வாயாடுபவள் யார்? நாத்தனார். அவள் சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் வேறு தொங்குகிறது. கேட்டால் மகளின் பள்ளிக்கூடப் பாடமாம். யார் கண்டது!

"மெயின் கம்ப்யூட்டரை அடியோட மாத்திடறேன் டாக்டரம்மா," என்றாள். "இப்ப இருக்கிற சிஸ்டத்துக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு அதை வித்தவனுக்குத்தான் வெளிச்சம். ஓப்பன் சோர்ஸ்னா உள்ள எழுதினதை யாரு வேணா திறந்து பார்க்கலாம், ஒளிவுமறைவு கிடையாது. நானே ஒவ்வொண்ணாப் பார்த்துப் போடுவேன்."

"என்னமோ பண்ணு. திங்கக்கிழமை காலைல வேலை நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை எட்டு மணிக்கே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். புதிய சிஸ்டத்தோடு தயாராக ஒரு கெர்னல் வரும். கம்ப்யூட்டருக்குள் அடியில் உட்கார்ந்துகொண்டு வட்டு, திரை, பிரிண்டர் என்று எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற நிரல் அது. எந்தக் கருவியானாலும் கெர்னலுக்கு அதைப் பழக்கியிருக்க வேண்டும். பழக்காத கருவி பக்கத்திலேயே கிடந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. தயார் கெர்னலில் எல்லாம் பழக்கியிருக்கும். அதைப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். பூட்டக்கா செய்வாளா? கண்டதற்கெல்லாம் கதவு திறக்கிற கெர்னல் அவளுக்கு ஆகவே ஆகாது. மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கித் தன் கையாலேயே ஒன்று கட்ட உட்கார்ந்தாள்.

எந்தெந்தக் கருவியைப் பழக்க வேண்டும் என்று திரையில் கேள்விமேல் கேள்வியாக வந்தது. விளையாட்டுக் கைப்பிடி வேண்டுமா? வேண்டாம். டி.வி. அட்டை? வேண்டாம். ஒலி? இங்கே யார் பாட்டுக் கேட்கப் போகிறார்கள், வேண்டாம். பேரே புரியாத நூற்றுக்கணக்கான சமாச்சாரங்கள் வந்தன. புரியாததெல்லாம் அவளுக்குத் திருட்டுப்பயல்தான், போ வெளியே! யூ.எஸ்.பி. என்ற வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பென் டிரைவ் செருகுகிற ஓட்டை அல்லவா அது! நாத்தனாரின் சாவிக்கொத்து கண்முன் ஆடியது. 'வேண்டாம்' என்று ஓங்கித் தட்டினாள். அந்த வரிக்குக் கீழே இருந்த அத்தனை கேள்வியும் ஒரேயடியாக மறைந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அதோடு விட்டாளா? புதிய கெர்னல் முரண்டு பிடித்தால் கிளப்பிக்கொள்ள, தயார் கெர்னலையும் ஓரமாக வைத்திருப்பது வழக்கம். யாராவது அதைக் கிளப்பி உள்ளே நுழைந்தால் என்ன செய்வது என்று அதையும் அழித்தாள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து வருகிற வழியையும் அடைத்தாள். கெர்னல் கட்டி முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கிளப்பிப் பார்ப்பதைக் காலையில் டாக்டரம்மா முன்னாலேயே செய்வோம் என்று, பூட்டி, ஐந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கள் காலை. அறையைத் திறந்துவிட்டு அவள் கையெழுத்துப் போடப் போன ஐந்து நிமிஷத்தில், நாத்தனார் துணியும் கையுமாக உள்ளே வந்தாள். அண்ணி நேற்று முழுக்க உழைத்தாளே என்று மேசையைத் துடைத்தாள், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசியை உதறினாள். பூட்டக்கா திரும்பி வந்தபோது கண்ணில் பட்டது அந்தத் தட்டல்தான்.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

"தூசியா இருந்துச்சு அண்ணி."

பூட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். முதலில் ஒரு சின்னப் பட்டியல் வந்தது. அம்புக்குறி விசையால் நகர்த்தி, என்டரைத் தட்டினாள். எழுத்துகள் மளமளவென்று ஓடின. கடைசியில், உள்ளே வருகிறவர் பேரைக் கேட்டுத் திரை நின்றது. பேரைத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினாள். ம்ஹூம்.

வெளியே வெறும் வயிற்றோடு வந்திருந்த இருபது பேர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பசியோடு இருக்கிறவர்களிடம் கெர்னலைப் பற்றி விளக்க முடியுமா? டாக்டரம்மா வந்து நின்றதும் பூட்டக்காவுக்கு ஆறு மாசத்துச் சந்தேகமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"நேத்து நல்லா இருந்த மெஷின். இன்னிக்கு இவ கை வச்சா, கீபோர்டு செத்துப்போச்சு. அந்த ரிசல்ட்டு வெளிய போனதும் இவ வேலையாத்தான் இருக்கும். எங்க வீட்டுப் பொண்ணுன்னு நான் மூடி மறைக்க மாட்டேன் டாக்டரம்மா."

இருபது பேர் காதிலும் விழுந்தது. நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, முதல்ல அந்தப் பட்டியல் வந்தப்ப அம்புக்குறி நகர்ந்துச்சே. நானும் பார்த்தேன். அதுக்கப்புறம்தானே செத்துச்சு?"

"எனக்கே பாடம் எடுக்கறியா நீ?"

"நீ இப்ப வீட்டுக்குப் போம்மா," என்றார் டாக்டரம்மா. "நான் சொல்லி அனுப்பறேன்." நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

பூட்டக்கா வேறு கீபோர்டை மாட்டினாள். அதுவும் செத்துக் கிடந்தது. அலமாரியைத் திறந்து மூன்றாவதை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றையுமா நாத்தனார் கவிழ்த்துத் தட்டினாள்? நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பட்டியல் வந்தபோது அம்புக்குறி நகர்ந்தது. வாஸ்தவம். அதுவரை கெர்னல் வரவில்லை. கெர்னல் வந்தபிறகுதான் செத்தது. மெல்ல எழுந்து கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவள் தொழில் கற்ற காலத்தில் கீபோர்டுக்கு உருண்டை முனை. போன மாசம் வந்த புதிய கீபோர்டுகளுக்கெல்லாம் தட்டை முனை. எல்லாம் யூ.எஸ்.பி.

அடிப்பாவி! தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள்.

சிஸ்டத்தை நிறுவிய பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். அதில் இருந்த கெர்னலுக்கு எல்லாம் பழக்கம், கீபோர்டு சொன்னபடி கேட்டது. தயார் கெர்னலையே மறுபடி நிறுவினாள். பதினைந்து நிமிஷத்து வேலை. அவள் கட்டிய கெர்னலின் விடைகள் எல்லாம் ஒரு ஃபைலில் வரிவரியாக இருந்தன. யூ.எஸ்.பி. வேண்டாம் என்ற வரியும் இருந்தது. அதை அழித்துவிட்டால் அந்தக் கட்டடத்தில் கண்டுபிடிக்க ஒரு ஆள் கிடையாது. ஒரு நிமிஷம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"தப்பு என்னுது டாக்டரம்மா. அவ மேல ஒண்ணும் இல்ல. நான்தான் கீபோர்டையும் சேர்த்து வேண்டாம்னு தட்டினேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த ரிசல்ட் விஷயமும் இப்பதான் தெரிஞ்சுது. அந்த ஆளே நம்ம வராந்தாவுல நின்னு போன்ல சத்தமாப் படிச்சிருக்காரு. பக்கத்துல அவரு தெருக்காரங்க ரெண்டு பேரு உக்காந்திருந்திருக்காங்க. அதை விடு. போன வாரம் உன் நாத்தனாரை நான் கூப்பிட்டு விசாரிச்சேன். எதுக்குத் தெரியுமா?"

"என்னைப் பத்தியா?"

"எல்லா பாஸ்வேர்டும் உன்கிட்டதானே இருக்கு? ரிசல்ட் வெளிய போனது உன்னாலயோன்னு, உன்னை நிறுத்திடலாமான்னு கேட்டேன். அதுக்கு அவ, 'எங்க அண்ணி சந்தேகப்படுவாங்க, சத்தம் போடுவாங்க, ஆனா ஒரு வார்த்தை வெளிய விட மாட்டாங்க. யாரையாவது நிறுத்தித்தான் ஆகணும்னா என்னை நிறுத்துங்க'ன்னுட்டா."

பூட்டக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வராந்தாவில் நின்று போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் நாத்தனார்.

"கீபோர்டு வேலை செஞ்சிருச்சா அண்ணி?"

பூட்டக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "செஞ்சிருச்சு. நீ சொன்னதுதான் சரி. தப்பு முழுக்க என்னுது, டாக்டரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். உன் வேலை எங்கயும் போகல. நாளைக்கு வாம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வரேன். அந்த இருபது பேரும் இன்னும் அங்கதானே இருக்காங்க? என்னைத் திருடின்னு அவங்க முன்னாடிதானே சொன்னீங்க. நான் வந்து நின்னதும், இப்ப சொன்னதை அவங்க முன்னாடியே இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி."

பூட்டக்கா திரும்பிப் பார்த்தாள். ரத்தம் கொடுத்துவிட்ட சிலர் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"வா," என்றாள் போனில். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவின் நடுவுக்குப் போய், "யாரும் கிளம்பிடாதீங்க," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."