ஓடு கெட்டிப்படும் வரை

பேட்டைப் பக்கம் நெல் அவிக்கும் மில்கள் பல உண்டு. அதில் கோமுவின் மில்லுக்குத் தனிப் பேர். அந்த அரிசியில் வண்டு பிடிக்காது என்பார்கள். ஊர் சும்மா கொடுத்த பேர் இல்லை அது. அப்பா இறந்த பிறகு, நாங்குநேரியில் வாழ்க்கைப்பட்டிருந்தவள் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து மில்லில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக மல்லுக்கட்டிச் சம்பாதித்தது.

பிசான அறுவடை முடிந்து நெல் வரும் காலத்தில் அவளே களத்தில் இறங்கி, காய்ந்த நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள். நறுக்கென்று உடையாவிட்டால் இன்னொரு வெயில் காய வேண்டும். பழைய சாக்கு ஒன்றுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. வண்டு சாக்கில்தான் ஊர் ஊராகப் பயணம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். லாரிக்காரர்கள் முகத்தைத் தூக்குவார்கள். தூக்கிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இப்படிப்பட்டவள் தன் கையாலேயே கதவைத் திறந்து வண்டுகளை உள்ளே விட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? விட்டாள். சித்ரலேகாவுக்காக விட்டாள்.

இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் விலங்கியல் படித்தவர்கள். கோமு அரிசிக்கு வந்துவிட்டாள். சித்ரலேகா டாக்டர் பட்டம் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேலையில், வருஷா வருஷம் இருப்போமா போவோமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி அரிசி வண்டின் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவைப் பற்றியது. அது முடிந்தால் வேலை நிரந்தரமாகும். அதற்கு, பாக்டீரியா இல்லாத வண்டுகளை வளர்த்தாக வேண்டும். வண்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கதகதப்பிலும் ஈரத்திலும் வைத்திருந்தால் வண்டு பிழைத்துக்கொள்ளும், உள்ளே இருப்பது செத்துவிடும். கல்லூரியில் இருந்த வெப்பப் பெட்டியோ கரண்ட் போகும்போதெல்லாம் குளிர்ந்துபோனது.

கோமுவின் மில்லில், உமி எரியும் பாய்லருக்கு அடுத்த சின்ன அறை ராப்பகலாக ஒரே சூடாக இருக்கும், நெல் அவிக்கிற ஆவியும் அங்கே வரும். சித்ரலேகா அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து கேட்கவே தயங்கினாள். கோமுதான், "கொண்டாந்து வையிட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சித்ரலேகா தன் வீட்டு அரிசி டின்னில் பிடித்த வண்டுகளைச் சீசாக்களில் போட்டு, வாயில் துணி கட்டிக் கொண்டுவந்தாள். இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். போனால் மில்லின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சித்ரலேகாவுக்கும் பயம் இருந்தது, ஆய்வுப் பூச்சிகள் கல்லூரியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அங்கே விதி.

வாரம் தவறாமல் வருவாள். இருவரும் அந்த வேக்காட்டில் உட்கார்ந்து வியர்வை வடிய வண்டு பார்ப்பார்கள். பாக்டீரியா இல்லாத வண்டுகள் வெளிறிச் செம்மண் நிறத்தில் இருந்தன, தொட்டால் ஓடு மெத்தென்று அமுங்கியது. ஓட்டைக் கெட்டியாக்கும் சரக்கைச் செய்து கொடுப்பதே பாக்டீரியாதான் என்று சித்ரலேகா விளக்கினாள். ஓடு கறுத்து இறுகியதும் வண்டு தன் குடலில் இருக்கும் அந்தக் கூட்டத்தை அப்படியே செரித்துத் தின்றுவிடுமாம்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள் கோமு.

"முட்டைக்குப் போக வேண்டியத மட்டும் மிச்சம் வைக்கும். மத்ததுக்குத்தான் இனி வேலை இல்லையே" என்றாள் சித்ரலேகா.

கோமுவுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. பூச்சிக்கு நியாயம் பேசுதியே என்று சித்ரலேகா சிரித்தாள்.

ஆராய்ச்சி முடிந்தது, வேலையும் நிரந்தரமானது. ஒரு பெட்டி அல்வாவோடு வந்து சீசாக்களை எடுத்துக்கொண்டு போனவள் அப்புறம் வரவில்லை. வேலைப்பளு என்று கோமு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படி இருக்கையில்தான் பேப்பரில் அவள் படத்தோடு செய்தி வந்தது. ஆய்வு முழுக்கக் கல்லூரியிலேயே நடந்ததாம். வண்டுகள் பேட்டையில் இன்ன மில்லின் அரிசியிலிருந்து பிடிக்கப்பட்டவையாம். மில்லின் பேரை ஒரு எழுத்துக் குறையாமல் போட்டிருந்தார்கள்.

கோமு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனாள். சித்ரலேகா அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினாள். அடிக்கடி மில்லுக்குப் போனதைப் பார்த்த யாரோ கல்லூரியில் கிளப்பிவிட்டார்களாம், விசாரணை என்று வந்தால் வேலையே போய்விடுமாம், வண்டு பிடிக்கப் போனேன் என்று சொல்வதைத் தவிர வழி இல்லையாம்.

"என் அரிசியில ஒரு வண்டு பாத்திருப்பியாட்டி நீ?" என்றாள் கோமு.

"அங்கன வச்சு வளத்தோம்னு எழுதியிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்குமா? அதுக்கு இது எவ்வளவோ தேவல. உன்னையும் நெனச்சுத்தான் எழுதினேன்."

அவள் சொன்னது உண்மைதான் என்பதுதான் கோமுவுக்குப் பொறுக்கவில்லை. நிஜத்தைச் சொன்னால் மில் இன்னும் அசிங்கப்படும். கோமு வாயைத் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் சித்ரலேகா இதைச் செய்திருக்கிறாள். ஏமாளியாக்கப்பட்ட ஆத்திரத்தில் கோமு திரும்பிப் பாராமல் பஸ் ஏற நடந்தாள். பூச்சியாவது அறிவில்லாமல் தின்கிறது. இவள் யோசித்து, நல்லது செய்வதுபோலப் பேசிக்கொண்டே தின்றிருக்கிறாள்.

மறுநாள் தாணுமாலையன் மில்லுக்கு வந்தார். டவுனில் இட்லிக் கடை வைத்திருப்பவர், அப்பா காலத்திலிருந்து இங்கேதான் அரிசி எடுக்கிறார். மற்ற கடைக்காரர்களுக்கும் அவர் சொல்தான் சொல். கோமு கொடுத்த காப்பியைத் தொடாமல் வைத்துவிட்டுப் பேசினார்.

"பேப்பர்ல என்னமோ போட்டிருக்கான். நீ இல்லன்னு சொல்லு, நான் நம்புதேன். ஆனா எல்லாவனும் எங்கிட்ட கேக்கான். வண்டு இல்லன்னா அந்த டீச்சரம்மா இங்கன எதுக்கு வந்து போனாங்க? அத மட்டும் சொல்லிரும்மா."

பாய்லர் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. கோமு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

"இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள். "ஒரு லோடுல வண்டு இருந்துச்சு. அதப் பாக்கத்தான் வந்தா."

தாணுமாலையன் பெருமூச்சு விட்டார். அவர் முகம் தெளிந்தது. இதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்திருப்பார் போலிருக்கிறது. காப்பியை எடுத்துக் குடித்தார்.

"அவ்வளவுதானா? இதுக்குப் போயி முகத்த இப்படி வச்சிருக்கியே" என்றார். "எல்லா மில்லுலயும் உள்ளதுதானேம்மா."

வழக்கம்போல் அரிசி அனுப்பச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்று வரைக்கும் அவர் அந்த மில்லை மற்ற மில்களோடு சேர்த்துப் பேசியதே கிடையாது.